அரங்கை ஒதுங்கவைக்கும் முன் மடையை அடைக்க வேண்டும்

எங்கள் வீடு திருநெல்வேலி சந்திப்புக்கு அருகே, தாமிரபரணிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு வீட்டுக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை. வீட்டின் கூடமான பட்டாசலில் இடுப்பளவு தண்ணீர். அதற்கு அடுத்த அரங்கில், வெளிச்சம் குறைந்த அந்தச் சாமான் அறையில், மேல் தட்டைத் தவிர எல்லாம் மூழ்கிவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு அரங்கிலிருந்து தெருவுக்கு எடுத்துப்போட்டவற்றைச் சொல்கிறேன்: சேறு குடித்துக் கல்லாய்க் கனத்த கம்பளி நூல் இரண்டு சாக்கு, பதினான்கு ரவிக்கைத் துணிகள், கறுத்துப்போன சரிகைக் கண்டுகள், தஞ்சாவூர் ஓவியம் கற்க வாங்கி ஒருமுறைகூடப் பிரிக்காத பலகை, நீரில் ஊதிய காகிதப் பூ வேலைகள். எல்லாம் நானும் என் அத்தையும், அதாவது என் மாமியாரும், ஆசையாக வாங்கியவை. பெரும்பாலானவை தொடங்கி நிறுத்தியவை.

வெள்ளம் அரங்கைத் துடைத்துக் கொடுத்துவிட்டது. பதினெட்டே மாதத்தில் அது மறுபடியும் கதவு திறக்க முடியாதபடி நிரம்பியது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். வீட்டைக் காலி செய்யத் தெரியாததால் நமக்குச் சாமான் சேர்வதில்லை. வரத்து நிற்காததால் சேர்கிறது. மடையை அடைக்காமல் வயலில் தேங்கிய நீரை இறைக்க முடியுமா? எனவே இந்த வேலைக்குப் புதியவர்கள் முதலில் அலமாரியைத் திறக்காதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஒரு மண்டலம் புதிதாக எதுவும் வராது

குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர்கள் நம் பக்கத்தில் ஏறத்தாழ எல்லாத் தெருவிலும் உண்டு. விரதம் தொடங்கிவிட்டால் இன்றைக்கு இதைச் சாப்பிடலாமா என்று தினமும் தனக்குள் வாதாட வேண்டியதில்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. வாங்காமல் இருப்பதற்கும் அந்த முறைதான் உதவுகிறது. 'குறைத்துக்கொள்வேன்' என்பது ஒருபோதும் நடக்காது. '48 நாள் வாங்க மாட்டேன்' என்பது நடக்கும். ஆடி முதல் தேதி தொடங்கினால் ஆவணி பாதியில் முடிந்துவிடும். தள்ளுபடிக் காலமே ஆடிதான் என்பதால் நாங்கள் 2025-இல் வேண்டுமென்றே அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தோம்.

எதை வாங்கலாம் என்பதை முதல் நாளே எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். மளிகை, மருந்து, பிள்ளைகளின் பள்ளித் தேவை, தினமும் புழங்கும் பொருள் உடைந்தால் அதற்கு மாற்று, கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டியவை. இவ்வளவுதான். துணிமணி, பாத்திரம், அலங்காரப் பொருள் எதுவும் கூடாது. கைவேலைச் சாமானில் ஊசிகூடக் கூடாது. பக்கத்து வீட்டு மதினி 'மிச்ச நூல் இருக்கிறது, சும்மாதான் தருகிறேன்' என்றாலும் அன்போடு மறுத்துவிட வேண்டும். இலவசமாக வந்தாலும் அதற்கும் இடம் நம் வீட்டில்தான்.

அடுக்கிவைக்கும் டப்பாக்களையும் இந்தத் தடையில் சேர்க்கவே வேண்டும். வீட்டை ஒதுங்கவைக்கப் போகிறேன் என்றதும் பலர் முதலில் செய்வது மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் பத்து வாங்குவது. நானும் வாங்கினேன். அரைகுறை வேலைகளை அழகாக மூடிவைத்தேன். மூடியதும் அவை இருப்பதே மறந்துபோயிற்று. நினைவில் இல்லாததால் அதே நூலை மறுபடி வாங்கினேன். நம் ஊரில் வீட்டை நேராக்குவதற்கே 'ஒதுங்கவைப்பது' என்றுதான் சொல்கிறோம். பொருளை ஓரமாக ஒதுக்கிக் கண்ணுக்கு மறைப்பதோடு வேலை முடிந்துவிட்டதாக அந்தச் சொல்லே நம்மை நம்பவைக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இருக்கிற நார்ப்பெட்டி, ஓலைப்பெட்டி, மஞ்சள் பை போதும்.

அடுத்து, வரத்து எந்த வழியாக நடக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பெரும்பகுதி கைப்பேசி வழியாகத்தான் வந்தது. சேலையும் மணியும் விற்கும் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியேறினோம். கடைச் செயலிகளை நீக்கினோம். சேமித்துவைத்திருந்த வங்கி அட்டை எண்ணை அழித்தோம். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் அட்டையை எடுத்து வர வேண்டும் என்றாலே பாதி ஆசை அடங்கிவிடுகிறது. 'இன்னும் 140 ரூபாய்க்கு வாங்கினால் அனுப்பும் செலவு இல்லை' என்ற வரி எத்தனை மணிப் பொட்டலங்களை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது! நாற்பது ரூபாயை மிச்சப்படுத்த நூற்றுநாற்பது ரூபாய்ச் சாமான்.

டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் ரத வீதிக் கடைகளைத் தவிர்க்க முடியாது. அதற்கும் வழி உண்டு. அர்ச்சனைக்கும் பூவுக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஆசை வந்தால் நோட்டில் எழுதுங்கள்

வாங்கத் தோன்றுவதை அடக்கச் சொல்லவில்லை, எழுதச் சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன பொருள், எதற்கு, வீட்டில் எந்த இடத்தில் வைக்கப்போகிறோம். மூன்றாவதுதான் உண்மையில் வேலை செய்கிறது. பூ மிதக்கவிடப் பித்தளை உருளி வேண்டும் என்று ஒருநாள் எழுதினேன். எங்கே வைப்பது என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வீட்டின் முன்பகுதியான தார்சாவிலிருந்து அடுக்களை வரை கண்ணை ஓட்டினேன். இடமில்லை. அந்தக் கட்டம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

கைவேலைச் சாமான் மீது வருகிற ஆசை மட்டும் தனி ரகம். யாரோ ஒருவர் சுடுமண் கம்மல் செய்கிற காணொளியைப் பார்க்கிறோம். உடனே களிமண்ணும் அச்சும் வாங்கத் தோன்றுகிறது. பொட்டலம் வந்து சேரும்போதே பாதி வேலை முடித்த திருப்தி வந்துவிடுகிறது. கை இன்னும் மண்ணைத் தொட்டிருக்காது. அந்தத் திருப்திக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்பது எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. ஆகவே, இந்த ஆசை வந்தால் நோட்டில் எழுதிய கையோடு வீட்டில் ஏற்கெனவே பாதியில் நிற்கும் ஒன்றை எடுத்து இருபது நிமிடம் செய்யுங்கள். கைக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் கண் கேட்பது குறைகிறது.

முதல் பத்து நாள் கடினம். அதன்பின் நோட்டில் எழுதுவதே குறையத் தொடங்கும். அப்போதுதான் அலமாரியைத் திறக்க வேண்டும்.

பட்டாசலில் பாய் விரித்து

ஒருநாள் காலையில் தொடங்குங்கள், இரவில் வேண்டாம். கைவேலைச் சாமான் மட்டும்தான் அன்றைய வேலை. வீடு முழுவதையும் ஒரே நாளில் கலைத்துவிட்டு இரவில் கட்டிலில் படுக்க இடமில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தையல் இயந்திரத்தின் பின்புறம், பீரோவின் தலை, கட்டிலடி, மச்சு, குளிர்பதனப் பெட்டியின் மேல், அல்வா வாங்கிய டப்பாக்களுக்குள் என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்துப் பாயில் பரப்புங்கள். நூலையெல்லாம் ஒரு குவியல், துணியையெல்லாம் ஒரு குவியல் என்று பிரிப்பது தவறு. பாதியில் நிற்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குவியல். அதற்குரிய ஊசி, மாதிரிப் படம், மிச்ச மணி எல்லாம் அதனோடு. பின் ஒவ்வொன்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, ஒரு சீட்டு எழுதுங்கள்: என்ன இது, யாருக்காகத் தொடங்கியது, எப்போது, எதனால் நின்றது.

'எதனால் நின்றது' என்பதற்குச் 'சோம்பல்' என்று எழுதாதீர்கள். அது ஏறக்குறைய எப்போதும் பொய். உண்மையான காரணம் ஒன்று உள்ளே இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் முடிவு தானாக வரும்.

எங்கள் பாயில் அத்தையின் வயர்க்கூடை ஒன்று இருந்தது. பச்சையும் மஞ்சளும். அடிப்பாகம் முடிந்து, பக்கச் சுவர் ஒன்பது வரிசை ஏறியிருந்தது. மேலே கூடைக்குள்ளிருந்து வயர் நுனிகள் காய்ந்த கோரை மாதிரி எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. நெல்லிக்காய் முடிச்சு போட்ட கூடை அது. ஒவ்வொரு முடிச்சின் மடிப்புக்குள்ளும் வெள்ளத்தில் வந்த வண்டல், சாம்பல் நிறத்தில் ஒரு கோடாகப் படிந்திருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நிறம் வெளிவந்தது. வயர் வீணாகவில்லை.

'அத்தை, இதை வைத்துக்கொள்வோமா?' என்று கேட்டேன்.

அவர் கூடையைத் திருப்பி, கடைசி வரிசையை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். 'இந்த இடத்தில் சுற்றி ஓடுகிற பச்சை வயர் தீர்ந்துவிட்டது. அதே பச்சை கடையில் இல்லை. அடுத்த வாரம் வரும் என்றார்கள்.'

அது பல வருடங்களுக்கு முந்தைய அடுத்த வாரம். ஒரே ஒரு கட்டு பச்சை வயருக்காக அந்தக் கூடை நின்றிருக்கிறது. அதன்பிறகு அத்தை வேறு நிறங்களில் வாங்கிய வயர் மட்டும் மூன்று பை நிறைய எங்கள் பாயில் கிடந்தது.

காரணங்கள் பெரும்பாலும் நான்கைந்து வகைதான். ஒரு பொருள் குறைந்திருக்கும். முடிச்சோ தையலோ மறந்திருக்கும். தெரிந்தவர் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் தீரும். நடுவில் ஒரு தவறு விழுந்து, பிரிக்க மனமில்லாமல் மூடிவைத்திருப்போம். யாருக்காகத் தொடங்கினோமோ அந்தக் கல்யாணமோ பிறந்தநாளோ முடிந்திருக்கும். அல்லது அந்த வேலையே நமக்குப் பிடிக்கவில்லை; காசு கொடுத்து வகுப்பில் சேர்ந்ததால் சொல்லத் தயங்குகிறோம். இந்தக் கடைசி வகையை அடையாளம் கண்டால் உடனே விட்டுவிடலாம்.

எத்தனை மணி நேரம் பாக்கி

'முடித்துவிடுவேன்' என்று தோன்றுகிற ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். அத்தையின் கூடைக்கு இருபது வரிசை வேண்டும், ஒன்பது முடிந்திருந்தது. இருக்கிற வேறொரு வயரில் ஒரு வரிசை அளவு பின்னிப் பார்த்ததில் 25 நிமிடம் ஆயிற்று. பதினொரு வரிசைக்கு 275 நிமிடம், அதாவது நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நாள். கைப்பிடிக்கு இன்னொரு மாலை. மனத்தில் மலையாக இருந்தது கணக்கில் பதினொரு நாளாகச் சுருங்கியது.

என் ஆரி வேலை ரவிக்கைக்குக் கணக்கு நேர்மாறாக வந்தது. தம்பியின் கல்யாணத்துக்கென்று தொடங்கியது. ஒரு கையில் மாங்காய் வரிசை முடிந்திருந்தது. இன்னொரு கையும், கழுத்தைச் சுற்றி ஒரு மயிலும் பாக்கி. அரை மணி நேரத்தில் ஒரு மாங்காயின் ஓரம்கூட நிறையவில்லை. மயிலை நினைத்தால் மாதக்கணக்கு. கல்யாணமும் முடிந்து தம்பிக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது. மயில் காகிதத்தில்தான் இருந்தது, காகிதத்தைக் கிழித்தேன். கழுத்து சாதாரணமாகவே இருக்கட்டும், இரண்டாவது கைக்கு மட்டும் மாங்காய் என்று வேலையைச் சுருக்கிக்கொண்டேன். முடிப்பதா விடுவதா என்ற இரண்டு வழிக்கு நடுவே சுருக்குவது என்று ஒரு வழி இருப்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேசைவிரிப்பாகத் தொடங்கியது தலையணை உறையாக முடியலாம்.

முடிக்கலாம் என்று எடுத்துவைத்த பைகள் ஐந்தோ ஆறோ இருக்கும். அதில் ஒன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மற்றவற்றை வரிசை எண் போட்டுக் கட்டிவிடுங்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தறியில் பாவு கட்டியாகிவிட்டால் அதில் ஒரு பாய்தான். இன்னொரு நிறத்தில் இன்னொரு மாதிரி தொடங்க வேண்டுமென்று எவ்வளவு ஆசை வந்தாலும் நெய்த பாயை அறுத்து இறக்கிய பிறகே அடுத்தது. தறியே அந்த ஒழுங்கைக் காக்கிறது. நம் கூடைக்கும் குரோஷாவுக்கும் அப்படிக் கட்டிப்போடும் தறி இல்லை. அதனால் ஒரு ஆணியை அடித்து, அதில் தொங்கும் பை மட்டுமே நடப்பு வேலை என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விடுவதை உடனே விட வேண்டும்

கெட்டுப்போனதைத் தயங்காமல் மக்காத குப்பையில் சேர்த்துவிடுங்கள்: உள்ளே கட்டியாகிப்போன துணிச்சாயம், இறுகிய பசை, மஞ்சளித்துப்போன பிசின். வயரை வளைத்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு விழுந்தால் அது வெயிலில் நொறுங்கிப்போன வயர், கூடை எடை தாங்காது. ஒரு சாண் அளவுக்கும் குறைந்த துணித்துண்டுகள் இனி எதற்கும் ஆகா. பழைய பருத்திச் சேலை, வேட்டியை மட்டும் கரித்துணிக்கு எடுத்துக்கொள்ளலாம். அதிலும் பத்துத் துண்டுக்கு மேல் வேண்டாம். சுடாத களிமண் கட்டியாகியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள்; தண்ணீரில் ஊறவைத்தால் திரும்பப் பதத்துக்கு வரும், பானை வனைகிற வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ வாங்கிக்கொள்வார்கள்.

நல்ல நிலையில் இருப்பதைக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் கூடை பின்னுகிற பெண்களுக்கு முழுக் கட்டு வயர் பயன்படும். நம் அரைகுறைக் கூடை அவர்களுக்குச் சுமை. அதைப் பிரித்து வயராகக் கொடுப்பதுதான் மரியாதை. நெளிந்த வயரை வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுத்து நீவினால் நிமிரும். பொத்தான், லேஸ், ரவிக்கைத் துணி தெருக்கோடித் தையற்காரருக்கு. கொடுப்பதற்கான பை தார்சாவில் மூன்று நாளுக்கு மேல் நின்றால் திரும்ப அரங்குக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு முறை வந்தது. மூன்றாவது முறை ஆட்டோ பிடித்து அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொடுத்த காசு வீணாகிறதே என்ற வருத்தம் வரும். அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது. அரங்கில் பூட்டிவைத்தால் அது திரும்பி வராது. அதே அரங்கில் ஒரு சிறு மேசையும் விளக்கும் போட இடம் கிடைக்கிறது, அது இன்றைக்குப் பயன்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். என் அம்மா குரோஷாவில் ஒரு மேசைவிரிப்புத் தொடங்கி, முக்கால் வட்டத்தில் விட்டுப்போனார். ஊசி இன்னும் கடைசிக் கண்ணியில் மாட்டியபடியே இருக்கிறது. மச்சில் இருந்ததால் வெள்ளம் தொடவில்லை. நான் அதை முடிக்கப்போவதில்லை, யாருக்கும் கொடுக்கப்போவதுமில்லை. ஓலைப்பெட்டியில் வேப்பிலையோடு வைத்து, பாக்கி வேலைகளின் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அடித்த பிறகு அதைப் பார்க்கும்போது குற்ற உணர்வு வருவதில்லை, அம்மாவின் கைதான் தெரிகிறது. போனவர்களின் பொருளில் ஒன்றை இப்படி வைத்துக்கொள்ளலாம். பத்தை வைக்க முடியாது.

கைவேலை ஒதுங்கிவிட்டால் பாத்திரமும் துணியும் காகிதமும் எளிது. அவற்றில் வாக்குறுதி எதுவும் ஒட்டியிருப்பதில்லை. ஆற்றங்கரை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கீழ் இரண்டு தட்டில் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் மட்டும் இருக்கட்டும். பத்திரம், படிப்புச் சான்றிதழ், பட்டு, புகைப்படம் எல்லாம் மச்சுக்கு ஏறட்டும். ஐப்பசி பிறக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும்.

நாற்பத்தெட்டாம் நாள்

நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். இன்னும் வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடியுங்கள். அதன்பிறகு கைவேலைச் சாமானுக்கு எங்கள் வீட்டில் ஒரே விதிதான்: ஒன்றை முடித்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தால், அடுத்த ஒன்றுக்குத் தேவையானதை அளந்து வாங்கலாம். புதிதாக ஒரு வகுப்பில் சேர்ந்தால் முதல் மாதம் சட்டமும் ஊசியும் இரவல்தான்.

எங்கள் நோட்டில் 31 வரிகள் இருந்தன. நானும் அத்தையும் தார்சாவில் உட்கார்ந்து 27-ஐ அடித்தோம். பாக்கி நான்கில் ஒன்று குக்கருக்கு ரப்பர் வளையம், ஒன்று பிள்ளைக்கு மழைச்சட்டை, ஒன்று அரங்குக்கு விளக்கு. நான்காவது அத்தை எழுதியது: பச்சை வயர், ஒரு கட்டு. எங்கே வைப்பது என்ற இடத்தில் 'கூடையிலேயே' என்று எழுதியிருந்தார். மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது, நிறம் பொருத்திப் பார்க்க, அந்தக் கூடையிலிருந்து ஒரு விரல் நீள வயரை நறுக்கிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார்.